கொலுப் பூங்காவுக்கு ஓட்டு வீடும் ரயில் நிலையமும் செய்வது எப்படி?



பொருளாதார நடவடிக்கை என்று பேச்செடுத்தாலே நம் குழுக்களில் முதலில் வருவது ஊறுகாய், ஊதுபத்தி, சோப்புத்தூள்தான். அதில் தவறில்லை. ஆனால் ஒரே சந்தைக்குப் பத்துக் குழு அதே ஊறுகாயைக் கொண்டு போனால் விலை என்ன ஆகும்? நமக்கு நாமே போட்டியாகி விடுகிறோம். அதனால்தான் இந்த இதழில் கொஞ்சம் வித்தியாசமான ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சொல்கிறோம். வீணாகும் அட்டைப் பெட்டியும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கைப்பழக்கமும்தான் இதற்கு மூலதனம்.

கொலுப் பூங்கா என்றால் என்ன?

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. திருவண்ணாமலை நகரத்திலும் ஆரணி, போளூர், செய்யாறு பக்கமும் பல வீடுகளில் கொலு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று படி கட்டிப் பொம்மை அடுக்குவார்கள். படிக்குக் கீழே தரையில் மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ முளைக்க விட்டு, குளம், கோயில், சந்தை, தெரு எல்லாம் வைப்பார்கள். அதுதான் பூங்கா. பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அங்கே ஒரு பொம்மை ரயிலும் சுற்றி வரும்.

மண் பொம்மைக்குப் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி, புதுச்சேரி வில்லியனூர் போன்ற ஊர்கள் பெயர் பெற்றவை. தலைமுறை தலைமுறையாக அச்சு வைத்திருக்கும் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் பூங்காவில் வைக்கிற வீடும், கடையும், ரயில் நிலையமும் பெரும்பாலும் தெர்மகோலில் அவசரமாகச் செய்ததாக இருக்கும். ரயில் பெட்டி வீட்டை விடப் பெரிசாக நிற்கும்! நமக்கு இடம் இருப்பது அங்கேதான்.

நிஜக் கட்டடத்தை அளவு மாறாமல் சின்னதாகச் செய்வது உலகம் முழுக்க மதிப்புள்ள கைவேலை. புனே நகரத்தில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் சின்ன ரயில்கள் ஒரு சின்ன ஊரையே சுற்றி வருகின்றன. அதைப் பார்க்க மக்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு போகிறார்கள்.

முதலில் அளவு, பிறகுதான் கத்தி

மாடல் செய்வதில் பாதி வேலை கணக்குதான். பயப்பட வேண்டாம், நமக்குத் தெரிந்த ஆசாரி கணக்கே போதும். ஒரு அங்குலத்துக்கு 8 நூல்.

பொம்மை ரயில் பெட்டியின் உயரத்தைத் தண்டவாளத்தில் இருந்து அளந்து பாருங்கள். நிஜ ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு மேல் ஏறக்குறைய 13 அடி. பொம்மைப் பெட்டி மூன்றே கால் அங்குலம் இருந்தால், அதாவது 26 நூல் இருந்தால், ஒரு அடிக்கு 2 நூல் என்று கணக்கு வருகிறது. இதுதான் நம் 'அளவு விகிதம்'. நிஜத்தில் 48 பங்கு இருப்பது மாடலில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு கையில் வந்து விட்டால் எல்லாவற்றையும் சுருக்கலாம்:

• ஐந்தடி உயரப் பெண் – 10 நூல் (ஒன்றே கால் அங்குலம்)
• ஏழடிக் கதவு – 14 நூல் (ஒன்றே முக்கால் அங்குலம்)
• நாலடி உயர ஜன்னல் – 8 நூல் (ஒரு அங்குலம்)
• இரண்டரை அடி உயர நடைமேடை – 5 நூல்
• அகலப்பாதைத் தண்டவாளத்தின் இடைவெளி ஐந்தரை அடி – 11 நூல்

திருவண்ணாமலை வழியாகப் போகும் விழுப்புரம் – காட்பாடி பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. அப்போது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான், அதாவது ஏறக்குறைய மூன்றடி மூன்றே கால் அங்குலம். 2010-ல்தான் அது அகலப்பாதை ஆனது. பழைய காலத்து நிலையம் வேண்டும் என்று யாராவது ஆர்டர் கொடுத்தால், தண்டவாளத்தை ஆறரை நூல் இடைவெளியில் போட வேண்டும். பெரியவர்கள் இதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்து விடுவார்கள்.

நமது மலையையும் செய்யலாமே என்று தோன்றும். அண்ணாமலை 2,668 அடி உயரம். அடிக்கு 2 நூல் போட்டால் மாடல் மலை ஐம்பத்தைந்து அடிக்கு மேல் போய்விடும், கூரையைப் பிய்த்துக் கொண்டு நிற்கும்! அதனால் மலை, கோபுரம் போன்றவற்றைப் பின்பக்கம் தள்ளி, வேறு அளவில் சின்னதாக வைக்க வேண்டும். தூரத்தில் இருப்பது போலத் தெரியும். ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற கட்டடம் மட்டும் கணக்கு தப்பக் கூடாது.

சுவர் எழுப்புதல்

எட்டு அங்குல நீளம், நாலு அங்குல அகலத்தில் ஒரு சிறு நிலையம் செய்வோம். நிஜத்தில் இது 32 அடிக்கு 16 அடி. புத்தகம் பைண்டு செய்பவர்கள் வாங்கும் கெட்டி அட்டைதான் சுவர்.

பக்கச் சுவர் இரண்டு. அகலம் 4 அங்குலம். ஓரத்தில் உயரம் இரண்டரை அங்குலம், நடுவில் 4 அங்குலம். இரண்டு ஓரத்தில் இருந்தும் நடு உச்சிக்குக் கோடு போட்டால் மேலே முக்கோணம் வரும்.

நீளச் சுவர் இரண்டு. நீளம் 8 அங்குலம், உயரம் இரண்டரை. நீளத்தில் மட்டும் அட்டையின் இரண்டு கனத்தைக் குறைத்து வெட்டுங்கள். இது பக்கச் சுவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும். குறைக்காவிட்டால் கூரை உட்காராது.

கதவு, ஜன்னலை ஒட்டுவதற்கு முன்பே வெட்டி விடுங்கள். நின்ற சுவரில் பிளேடு போட்டால் சுவர் கிழியும். கட்டர் பிளேடை ஒரே அழுத்தில் இழுக்காமல், ஸ்கேலை ஒட்டி மூன்று நான்கு தடவை லேசாக இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது பிளேடைத் திறக்கவே வேண்டாம்.

கூரைதான் உயிர்

கொலுப் பார்க்க வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். பூங்கா தரையில் இருக்கிறது, பார்க்கிறவர் நின்று கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் முதலில் படுவது கூரைதான்! சுவரில் சின்னக் குறை இருந்தாலும் தெரியாது, கூரை கோணலாக இருந்தால் உடனே தெரியும். ஆகவே மொத்த நேரத்தில் பாதியைக் கூரைக்கு ஒதுக்குங்கள்.

கூரைச் சரிவுக்கு ஒரு எளிய கணக்கு. கொத்தனார் மூலை மட்டம் பார்க்க 3, 4, 5 என்று அளப்பார் இல்லையா? அதேதான். நம் பக்கச் சுவரில் ஓரத்தில் இருந்து நடு வரைக்கும் 2 அங்குலம், நடுவில் உயர்வது ஒன்றரை அங்குலம். அப்படியானால் சரிவு இரண்டரை அங்குலம். சுவரைத் தாண்டி இறவாரத்துக்கு அரை அங்குலம் விட்டால், ஒரு பக்கம் 3 அங்குலம்.

நீளத்தில் இரண்டு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். எனவே 9 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஒரே அட்டையாக வெட்டி, நடுவில் மேல்பக்கம் பாதிக் கனத்துக்குப் பிளேடால் கீறி மடித்தால் முகடு தயார். இந்தக் கூரையைச் சுவரோடு ஒட்ட வேண்டாம், கழற்றுகிற மாதிரி விடுங்கள். உள்ளே விளக்கு வைக்கலாம், பெட்டியில் அடுக்குவதும் சுலபம்.

ஓடு வேய்தல்

நம் ஊரில் இரண்டு வகை ஓடு உண்டு. குயவர் சக்கரத்தில் செய்யும் வளைந்த நாட்டு ஓடு ஒன்று. அச்சில் அழுத்திச் செய்யும் சீமை ஓடு இன்னொன்று. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அதனால்தான் அதை மங்களூர் ஓடு என்றும் சொல்கிறோம். ஒரு ஓடு ஏறக்குறைய 16 அங்குல நீளம், 9 அங்குல அகலம். ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது சுமார் ஒரு அடிதான். ஆக, நம் மாடலில் ஒரு வரிசைக்கு 2 நூல். சரிவு 3 அங்குலம் என்றால் 12 வரிசை.

இந்த ஓட்டைத் தனியாக வாங்க வேண்டாம். மளிகைக் கடை அட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது!

1. பெட்டி அட்டையின் ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் லேசாக நனைத்து மெதுவாக உரியுங்கள். உள்ளே நெளிநெளியாக வரும். நெளி நெருக்கமாக உள்ள அட்டையாகப் பார்த்து எடுங்கள். நிழலில் நன்றாகக் காயட்டும்.

2. 9 அங்குலச் சதுரமாக ஒரு துண்டு எடுங்கள். நெளிக்குக் குறுக்கே 3 நூல் அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டுங்கள். 24 பட்டை வரும். ஒரு பக்கத்துக்கு 12, இரண்டு பக்கத்துக்கு 24. கணக்கு சரியாக இருக்கிறதா? சேதாரத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்துக் கொள்ளுங்கள்.

3. கூரை அட்டையில் 2 நூலுக்கு ஒரு கோடு பென்சிலால் போடுங்கள். கீழே இறவாரத்தில் இருந்து மேலே முகடு நோக்கி ஒட்டிக் கொண்டு போங்கள். மேல் பட்டை கீழ்ப்பட்டையின் மேல் ஒரு நூல் ஏற வேண்டும். மழைத் தண்ணீர் எப்படி வழியும் என்று நினைத்துக் கொண்டால் வரிசை தப்பாது. மேலிருந்து தொடங்கினால் ஓடு தலைகீழாகி விடும்.

4. நெளியின் மேடும் பள்ளமும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மேட்டுக்கு நேராக மேடு வருகிறதா என்று பார்த்து ஒட்டுங்கள்.

5. முகட்டில் அரை அங்குல அகலப் பட்டையை நீளவாக்கில் மடித்துக் கவிழ்த்து ஒட்டுங்கள். அதன் மேல் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு நகத்தால் அழுத்தினால் தனித்தனி முகட்டு ஓடாகத் தெரியும்.

பசை விஷயத்தில் கவனம் தேவை. மைதா பசை மலிவுதான். ஆனால் கொலுப் பொருள் வருஷத்தில் பதினொரு மாதம் பரண் மேல் கிடக்கும். மைதா இருந்தால் பூச்சி அரிக்கும், எலி கடிக்கும். அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்கிற அம்மா நம்மைத்தான் திட்டுவார். வெள்ளைப் பசையே (பெவிகால் போன்றது) பயன்படுத்துங்கள்.

ஈரப் பசை காயும்போது அட்டையை ஒரு பக்கமாக இழுத்து வளைக்கும். இதைத் தடுக்க, கூரையின் அடிப்பக்கத்திலும் அதே பசையால் ஒரு செய்தித்தாளை ஒட்டி விடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். மேலே கனம் வைக்கக் கூடாது, ஓடு நசுங்கும். சுவரின் மேல் உட்கார வைத்து நூலால் கட்டி, நிழலில் ஒரு நாள் காய வையுங்கள்.

வண்ணம்: புது ஓடாகத் தெரியக் கூடாது

கடைச் சிவப்பை அப்படியே அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். கோலத்துக்கு ஓரம் கட்டும் காவிப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் வெள்ளைப் பசை சேர்த்து மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். காய்ந்ததும் அங்கங்கே ஐந்தாறு ஓட்டை மட்டும் கொஞ்சம் கருப்பாகவும், இரண்டு மூன்றை வெளிறியும் விடுங்கள். நிஜக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றியிருப்பார்கள் அல்லவா? பிறகு அடுப்புக்கரியைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் ஓட விட்டு, மேட்டைத் துணியால் ஒற்றி எடுங்கள். இறவாரத்து ஓரத்தில் துளி பச்சை கலந்த கருப்பு பூசினால் மழை பார்த்த வீடு போல இருக்கும்.

தகரமும் புல்லும்

நடைமேடைக்குத் தகரக் கொட்டகை வேண்டுமா? பால் பவுடர் டப்பாவின் மூடியில் இருக்கும் அலுமினியத் தாளைச் சீப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பல்லுக்குப் பல் அழுத்துங்கள். நெளித் தகரம் வந்து விடும். நிஜத் தகரத்தின் நெளி 3 அங்குலத்துக்கு ஒன்று. நம் அளவில் அது அரை நூல். சீப்புப் பல்லின் இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான்.

கூரை வீடு என்றால் பூந்துடைப்பத்தின் மெல்லிய தாளையோ, தேங்காய் நாரையோ ஒரு அங்குலக் கொத்தாக வெட்டி, இதே மாதிரி கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். ஜவ்வாது மலையிலும் நம் ஊர்களிலும் கூரை மேய்ந்து பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: கொலுவில் குத்துவிளக்கு எரியும். நார்க் கூரை சீக்கிரம் பற்றிக் கொள்ளும். 'விளக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் கட்டாயம் போடுங்கள். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. போதும், சூடு குறைவு.

ஐந்து அடையாளம் போதும்

எல்லாவற்றையும் செய்யப் போனால் நேரம் போய்விடும், கூலி கட்டாது. ஒரு கட்டடத்துக்கு ஐந்து அடையாளம் வைத்துக் கொள்வோம். நிலையத்துக்கு: மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்தில் தமிழ், இந்தி, ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர், தீக்குச்சியில் ஜன்னல் கம்பி, ஐஸ்கிரீம் குச்சியில் பெஞ்சு, தண்ணீர்க் குழாய், ஒரு வேப்ப மரம். வீட்டுக்கு: திண்ணை, வாசல் கோலம், துளசி மாடம், கொடியில் ஒரு புடவைத் துண்டு, சுவரில் சாய்த்த முறம். ஊர்ப்பெயரை எழுதும்போது நிலையத்துக்கு நேரில் போய்ப் பலகையைப் பார்த்து எழுதி வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மொத்த உழைப்பும் வீண்.

விலை எப்படிப் போடுவது?

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் குழுவில் இரண்டு தடவை வாசியுங்கள். கைவேலையில் நம் பெண்கள் ஏமாறுவது இங்கேதான். "வீட்ல சும்மா இருந்த நேரத்துல செஞ்சதுதானே" என்று நாமே சொல்லி விடுகிறோம். சும்மா இருந்த நேரம் என்று ஒன்று நமக்கு எங்கே இருக்கிறது? களை எடுக்கப் போனால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. இதற்கும் உண்டு.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்:

• அட்டை, பசை, வண்ணம் – ரூ.70
• 5 மணி நேர உழைப்பு, மணிக்கு ரூ.60 – ரூ.300
• பெட்டி, பஸ் செலவு, உடைசலுக்கு – ரூ.30
• மொத்தம் – ரூ.400

கடைக்காரர் விற்ற விலையில் நூற்றுக்கு 20 கமிஷன் கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நிறையப் பேர் 400-க்கு 20 சதவீதம் 80, ஆக 480 என்று விலை போடுவார்கள். விற்ற பிறகு என்ன நடக்கும்? அவர் 480-க்கு 20 சதவீதம் எடுப்பார், அது 96 ரூபாய். நம் கைக்கு வருவது 384 மட்டுமே. ஒரு வீட்டுக்கு 16 ரூபாய் நஷ்டம், 50 வீட்டுக்கு 800 ரூபாய்! சரியான விலை 500. அதில் 20 சதவீதம் 100 போக, நமக்கு 400 நிற்கும். நூறு ரூபாய் விலையில் நமக்கு 80 வருகிறது என்றால், 400-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். இதுதான் கணக்கு.

முதலில் செய்யும் வீட்டுக்கு எட்டு பத்து மணி நேரம்கூட ஆகும். கை பழகப் பழகக் குறையும். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் எழுதி வந்தால்தான் உண்மையான விலை தெரியும். விற்ற பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லும் கடையில், எத்தனை கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் பொருளை இறக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது?

ஆனி, ஆடியில் சுவரும் கூரையும் வெட்டி வைக்கலாம். ஆவணிக்குள் பொருள் தயாராக வேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு கடைக்குப் போனால் இடம் கிடைக்காது. நவராத்திரி முடிந்தால் தொழில் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இதே கூரை வீடுதான் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை காயாது என்பதால் அதற்கான பாகங்களையும் முன்பே செய்து வையுங்கள். மாவட்டத்தில் உள்ள பூமாலை வணிக வளாகம், மகளிர் திட்டம் நடத்தும் விற்பனைக் கண்காட்சி ஆகியவற்றில் இடம் கேட்டு, கூட்டமைப்பு மூலம் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம்.

இதற்காக யாரும் பெரிய கடன் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். முதல் வருஷம் குழுவுக்குப் பத்து வீடு போதும். அதற்கான செலவு குழுவின் உள்கடனுக்குள் அடங்கும். ஒருவர் அட்டை வெட்ட, ஒருவர் ஓடு ஒட்ட, ஒருவர் வண்ணம் பூச என்று பிரித்துக் கொண்டால் வேலையும் சீராக வரும். கண்பார்வை குறைந்த மூத்த உறுப்பினர்கள்கூட அட்டை உரிப்பதில் பங்கெடுக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஊக்குநர்கள் ஒரு அட்டைப் பெட்டி, ஒரு ஸ்கேல், கொஞ்சம் பசை கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கூரை மட்டும் செய்து பாருங்கள். அதை நடுவில் தரையில் வைத்து, நின்றபடி பாருங்கள். "இதை ஐநூறு ரூபாய்க்கு நானே வாங்குவேனா?" என்று ஒவ்வொருவரும் மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். 'ஆமாம்' என்ற பதில் கூடுதலாக வந்தால் தீர்மான நோட்டில் எழுதி வேலையைத் தொடங்குங்கள். 'இல்லை' என்று வந்தால் இன்னொரு கூரை செய்யுங்கள், பழைய அட்டைக்கா பஞ்சம்?